பெயிண்ட் பிடித்திருக்கிறதா? கீறாமல் பார்ப்பது எப்படி?



எங்கள் குழுக் கட்டிடத்துக்கு இரும்புக் கேட் போட்டோம். வந்த அன்று பளபளவென்று இருந்தது. ஒரு மழைக்காலம்தான் போச்சு, அப்பளம் மாதிரி பெயிண்ட் உரிந்து வந்துவிட்டது. அடியில் பார்த்தால் துரு. பூசியவரிடம் முழுப் பணமும் கொடுத்துவிட்டோம், யாரைக் கேட்பது?

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். கம்பெனிகளில் காந்தத்தால் வேலை செய்யும் ஒரு மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். அது பூச்சு எவ்வளவு தடிமன் என்று மட்டும்தான் சொல்லும், பிடிமானத்தைச் சொல்லாது. பூச்சைச் சேதப்படுத்தாமல் பிடிமானத்தை அளக்க நம்மிடம் வழியில்லை. அதனால் பூசுவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடணும்.

புது இரும்பில் நீலம் கலந்த கறுப்பாக ஒரு மெல்லிய தோல் இருக்கும். பார்க்க சுத்தமாகத்தான் தெரியும். பின்னால் அது கழன்று வரும்போது பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும். உப்புத்தாளுக்கு லேசில் போகாது, கிரைண்டர் போட்டு எடுக்கச் சொல்லுங்க. தேய்த்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி எடுங்க, தூசி ஒட்டி வந்தால் இன்னும் துடைக்கணும். கொஞ்சம் தண்ணீர் தெளியுங்க. பரவி நின்றால் சரி, முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. தின்னர் போட்டுத் துடைக்கணும். தெளித்த தண்ணீரை உடனே துடைத்துக் காயவிடுங்க, இல்லாவிட்டால் அதுவே துருவாகிவிடும்.

ஜி.ஐ. தகடு என்றால் கதை வேறு. அதன்மேல் சாதா எனாமலை நேராகப் பூசினால், எனாமலில் உள்ள எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்பு மாதிரி ஆகிவிடும். பெயிண்ட் தோலாக உரியும். ஜி.ஐ.க்கென்று தனி பிரைமர் கேட்டு வாங்குங்க.

பூசிய பிறகு வெயிலில் சாய்வாக நின்று பாருங்க, கொப்புளம் தெரியும். தொட்டிக்குள் பூசும் தடித்த பூச்சு என்றால் நாணயத்தால் தட்டுங்க, விட்டுப்போன இடத்தில் சத்தம் மாறும். மெல்லிய எனாமலில் இது அவ்வளவாகத் தெரியாது.

அதற்குத்தான் துண்டுத் தகடு. அதே இரும்பில் ஒரு துண்டை, அதே நாளில் அதே மாதிரி தேய்த்துப் பூசச் சொல்லுங்க. ஒரு வாரம் நன்றாகக் காயட்டும். பிறகு பிளேடால் இரும்பு தெரியும்வரை பெருக்கல் குறி மாதிரி கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, ஒன்றரை நிமிஷம் கழித்து வெடுக்கென்று இழுங்க. பெயிண்ட் டேப்போடு வந்தால் கேட்டிலும் அந்தக் கதிதான். கீறியது துண்டைத்தான், கேட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இந்தச் சோதனை முடிந்த பிறகே கடைசித் தவணை என்று தீர்மான நோட்டில் எழுதி, வேலை கொடுக்கும்போதே பெயிண்டரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.