சுவாசப்பையின் இரத்த அழுத்தமும் இரத்தப் பரிசோதனையும்

'பிறஷர்' என்றதும் கையிலே பட்டியைச் சுற்றி அளப்பதே எம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கருவிக்கு அகப்படாத அழுத்தமொன்றும் உண்டு. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து சுவாசப்பைக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் நாடிகளின் அழுத்தமே அது. ஓய்வாக இருக்கையில் அதன் சராசரி சுமார் 14 இரச மில்லிமீற்றர். அது 20ஐத் தாண்டினால் நோயென 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி வரையறுக்கின்றது.

இந்நாடிகள் ஒடுங்கும்போது வலது இதயவறை மேலதிகமாகப் பாடுபட்டு, காலப்போக்கில் களைத்துப் போகின்றது. படியேற மூச்சு வாங்கும், கால் வீங்கும், சிலர் மயங்கி விழுவர். "வயது போகிறது, அதுதான்" என்று இதனை அலட்சியம் செய்துவிடாதீர்கள்.

இரத்தப் பரிசோதனை இங்கே எதற்கு? அது மட்டும் இந்நோயை உறுதிப்படுத்தாது. எனினும் இரு வகையில் உதவும்.

முதலாவது, இதயத் தசை இழுபடும்போது சுரக்கும் 'பி.என்.பி.' என்னும் ஓமோனின் அளவு, இதயம் படும் சிரமத்தைக் காட்டும். சிகிச்சை பலனளிக்கின்றதா என்றறிய அதனை மீண்டும் மீண்டும் அளப்பர்.

இரண்டாவது, நோயின் காரணத்தைத் தேடலாம். ஈரல், தைரொயிட் சுரப்பி ஆகியவற்றின் நிலை, எச்.ஐ.வி. தொற்று, தோல் இறுகும் நோய்க்குரிய பிறபொருளெதிரிகள் என்பன இதற்காகவே சோதிக்கப்படுகின்றன.

நோயைச் சந்தேகித்தால் வைத்தியர் முதலில் 'எக்கோ' பரிசோதனை செய்விப்பார். பின்னர் மெல்லிய குழாயொன்றை நாளத்தினூடாக இதயத்துக்குச் செலுத்தி, அழுத்தத்தை நேரடியாக அளந்தே நோய் உறுதி செய்யப்படும்.

ஆரம்ப நிலையில் பி.என்.பி. சாதாரண அளவிலும் இருக்கலாம். ஆகவே, இரத்த அறிக்கை நன்றென்று ஆறுதலடைந்து மூச்சுத் திணறலை மறைக்காதீர்கள். அதனை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.