ஒரு நாள் கள், நூறாண்டு ஒயின்

இன்று இறக்கிய தென்னங்கள் நாளைக்கே புளித்துவிடுகிறது. நல்ல சிவப்பு ஒயினோ பல ஆண்டுகள் கெடாமல் இருக்கிறது. இரண்டிலும் மதுசாரத்தை உண்டாக்குவது ஈஸ்ட் என்னும் ஒரே வகை நுண்ணுயிர்தான். பின் ஏன் இந்த வேறுபாடு?

பொந்தியான், பத்து பஹாட் கரையோரங்களில் தென்னைகளைப் பார்த்திருப்பீர்கள். விரியாத தென்னம்பாளையின் நுனியைச் சீவினால் இனிப்பான சாறு வடியும். மலாயில் அதன் பெயர் நீரா. அதில் சுமார் 15 விழுக்காடு சீனி உண்டு. காற்றிலும் பூச்சிகளின் காலிலும் முந்தைய நாள் முட்டியிலும் உள்ள ஈஸ்ட் அதில் சேர்ந்ததும் நொதித்தல் தொடங்கும். பள்ளிப் பாடத்தில் 'பெனப்பாயான்' என்று படிப்பது இதைத்தான். கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸ், 92 கிராம் எத்தனாலாகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் மாறும். கள் நுரைப்பது அந்த வாயுவால்தான்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. புதிய நீராவின் பிஎச் மதிப்பு ஏறக்குறைய 7. அமிலமும் இல்லை, காரமும் இல்லை. ஆகவே பலவகை பாக்டீரியாக்களும் அதில் எளிதாகப் பெருகும். முட்டியோ திறந்தே இருக்கும். அசெட்டிக் அமில பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைக் கொண்டு எத்தனாலைப் புளிக்காடியாக மாற்றுகின்றன. பழைய கள்ளில் 'வீரியம்' கூடும் என்பது தவறு, கூடுவது புளிப்புதான்.

ஒயினுக்கு மூன்று காவல்கள் உண்டு. முதலாவது அமிலம். அதன் பிஎச் சுமார் 3.5. அதாவது, நீராவைவிட ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 3,000 மடங்கு அதிகம். இரண்டாவது, திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின். இது ஆக்ஸிஜனின் தாக்குதலைத் தான் ஏற்றுக்கொள்கிறது. மூன்றாவது, காற்றைத் தடுக்கும் தக்கை.

இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில், மொந்தால்சினோ என்ற ஊரில் பியோந்தி சாந்தி குடும்பம் சான்ஜோவேசே திராட்சையில் புருனெல்லோ ஒயினை உருவாக்கியது. அவர்களின் 1888, 1891ஆம் ஆண்டுப் புட்டிகளில் சில நூறாண்டு கடந்தும் காக்கப்பட்டன. பழைய புட்டிகளில் அளவு குறைந்தால் திறந்து, அதே ஆண்டின் ஒயினால் நிரப்பி, புதிய தக்கை இடுவது அக்குடும்பத்தின் வழக்கமாக இருந்தது. ஒயினுக்கு மேலே உள்ள காற்றிடத்தைக் குறைப்பதே நோக்கம்.

கள்ளுக்கு இக்காவல்கள் எவையும் இல்லை. சேமிக்கவோ தொலைவுக்கு அனுப்பவோ முடியாது. இறக்கிய இடத்துக்கு அருகிலேயே அன்றன்றே விற்றாக வேண்டும். மலாயாத் தோட்டங்களில் லயங்களுக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்ததற்கு இந்த வேதியியலும் ஒரு காரணம். கூலி கைக்கு வரும் இடத்திலேயே அது கரையும் வழியும் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினார்கள்.

நீராவைக் கள்ளாகாமல் தடுக்கவும் வழி உண்டு. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடையும். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் முடங்கும். தமிழ்நாட்டில் பனஞ்சாற்றைப் பதநீராக இறக்குவது இப்படித்தான்.

சிந்திக்க: அதே நீராவைக் காய்ச்சிச் செய்யும் குலா மலாக்கா மாதக்கணக்கில் கெடுவதில்லை. அதற்குத் தக்கை இல்லை. நுண்ணுயிருக்குத் தேவையான எது அங்கே குறைந்துவிட்டது?