சீலோவாம் கோபுரமும் எண்ணூர்க் கழிமுகமும்

கேள்வி: எண்ணெய்க் கசிவு, வாயுக் கசிவு என்று எங்களுக்கு அடி மேல் அடி. தவக்காலத்தில், ‘கடவுளை நம்பி ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். எதை ஏற்றுக்கொள்வது? (வாசகி, எண்ணூர்)

பதில்: நம்புவது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றில் இறங்கி வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி ஓர் ஆலையின் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். புயல் இயற்கை, எண்ணெயும் அம்மோனியாவும் மனிதர் பொறுப்பில் இருப்பவை. எல்லாவற்றையும் சேர்த்து ‘இறைவன் தந்த சோதனை’ என்பது, பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு மிக வசதியான இறையியல். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதை லூக்கா நற்செய்தி குறிப்பிடுகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுக்கிறார். மனம் திரும்பச் சொல்வது உயிரோடிருப்பவர்களை. யோபு நூலின் முடிவிலும் கடவுளின் சினம், துன்பத்துக்குக் காரணம் கற்பித்த நண்பர்கள் மீதுதான். வழக்காடிய யோபு மீது அல்ல.

‘தடுக்காத கடவுளை நம்பி என்ன பயன்?’ என்பீர்கள். இதற்கு முழு விடை கிறித்தவத்திடம் இல்லை. இருப்பதாகச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாயிருங்கள். ஆனால் திருப்பாடல்களில் கணிசமானவை புலம்பல்கள். கேட்க யாருமில்லை என்று முடிவு கட்டியவர் முறையிட மாட்டார். சிலுவையில் இயேசுவே கைவிடப்பட்டதாகக் கதறினார். ஆகவே ஆலைக்கு எதிராகப் போராட்டத்தில் அமர்ந்தவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்பது தவறு. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போங்கள். பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதுவதையும் விடாதீர்கள்.