வீட்டுக் கொல்லையில் தேன்சிட்டுகளை வரவழைத்தலும், மாந்தோப்பில் புல்லுருவியும்

ஓசூரிலும் அதனைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் புதிதாய் வீடு கட்டிக் கொண்டவர்கள் சிலர், சர்க்கரை நீர் வார்த்துத் தொங்கவிடும் சிவப்புக் குடுவையொன்றை வாங்கி முற்றத்தில் மாட்டிவிட்டு, படத்தில் கண்ட பறவை ஏன் வரவில்லை என்று நம்மைக் கேட்பதுண்டு. அப்படத்திலுள்ளது ரீங்காரச் சிட்டு என்னும் அமெரிக்கப் பறவை. அதில் 360-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றேனும் அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றை அடுத்த தீவுகளையும் விட்டு வேறெங்கும் இயற்கையாய் வாழ்வதில்லை. ஆகையால் எத்தனை குடுவை மாட்டினாலும் அது நம் கொல்லைக்கு வரப் போவதில்லை.

ஆயினும் வருத்தப்படக் காரணமில்லை. அங்கே ரீங்காரச் சிட்டு செய்யும் வேலையை இங்கே தேன்சிட்டு செய்து வருகிறது. எல்லைப்புறமாகிய நம் ஜில்லாவில் இதனைக் கன்னடம் பேசுவோர் சூரக்கி என்றும், தெலுங்கு பேசுவோர் தேனெ பிட்ட என்றும் அழைக்கின்றனர். இவ்விரண்டு பறவைகளுக்கும் உறவு கிடையாது. ரீங்காரச் சிட்டு உழவாரக் குருவிக்கு நெருங்கிய இனம். தேன்சிட்டோ காகம், சிட்டுக்குருவி முதலியவை அடங்கிய பெரும் பிரிவைச் சேர்ந்தது. ஒரே தொழில் செய்வதனால் இரண்டுக்கும் மெல்லிய அலகும் நீண்ட நாவும் வாய்த்திருக்கின்றன. அது அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும்; இது பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்துதான் குடிக்கும். கொல்லையில் செடி வைப்பவர் இவ்வேறுபாட்டை நினைவில் வைத்தல் நலம். உட்காரக் கிளையில்லாத மலரால் தேன்சிட்டுக்கு அதிகப் பிரயோஜனமில்லை.

நம் பக்கத்தில் சாதாரணமாய்க் காணப்படுபவை மூன்று. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு நான்கு அங்குலத்துக்கும் குறைவான நீளமும் மஞ்சள் வயிறும் உடையது. வீட்டுத் திண்ணையருகே அச்சமின்றி வருவது இதுவே. ஊதாத் தேன்சிட்டின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் முழுவதும் கருநீலமாய் மின்னும். மற்றக் காலத்தில் அந்நிறம் நீங்கி, நெஞ்சின் நடுவே ஒரு கரிய கோடு மாத்திரம் எஞ்சும். இவ்விரு கோலத்தையும் இரு வேறு பறவைகள் என்று எண்ணுவோர் அநேகர். மூன்றாவதான லோட்டன் தேன்சிட்டின் அலகு மற்றவற்றைவிட நீளமாயும் அதிகமாய் வளைந்தும் இருக்கும். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தருடைய கவர்னராயிருந்த லோட்டன் என்பாரின் பெயரே இதற்கு இடப்பட்டிருக்கிறது.

இனி, நம் மாந்தோப்புக்காரரிடையே இப்பறவையைப் பற்றி வழங்கி வரும் ஒரு குற்றச்சாட்டை விசாரிப்போம். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி ஆகிய பக்கங்களில் மாமரத்தில் புல்லுருவி பற்றியிருப்பதைக் காணாதார் இல்லை. இதனைத் தேன்சிட்டுதான் கொண்டுவந்து ஒட்டுகிறது என்று நம்பி, கூட்டைக் கலைப்பதும், சிறுவர்களைக் கவண்கல் எறிய ஏவுவதும் சில தோப்புகளில் நடந்து வருகிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, இதனால் புல்லுருவி ஓர் இலையளவும் குறைவதில்லை என்பதே குடியானவர் அறிய வேண்டிய விஷயம்.

இது புதிய ஆராய்ச்சியுமல்ல. பறவை நூல் வல்லுநரான சாலிம் அலி, கொங்கணத்தில் புல்லுருவியை எந்தப் பறவைகள் பரப்புகின்றன என்று நேரில் கவனித்து, 1931-இலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். மாமரத்துப் புல்லுருவியின் வாழ்வில் இரண்டு பறவைகளுக்குப் பங்குண்டு. அதன் மலர் நீண்ட குழல் போன்றது. முதிர்ந்த மொட்டைத் தேன்சிட்டு அலகால் அழுத்தியவுடன் அது சட்டென்று வெடித்துத் திறந்து, மகரந்தத்தைப் பறவையின் நெற்றியில் தூவும். அடுத்த மலருக்கு அது கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே காய் பிடிப்பதில் தேன்சிட்டுக்குச் சம்பந்தமே இல்லையென்று நாம் வாதிக்க வரவில்லை.

ஆனால் விதையை மரத்துக்கு மரம் கொண்டுபோய் ஒட்டுவது முக்கியமாய்ப் பூங்கொத்தி என்னும் வேறொரு பறவை. இது தேன்சிட்டைவிடச் சிறியது. மங்கிய பழுப்பு நிறம். அலகு குட்டையாயும் வெளுத்த மாமிச நிறமாயும் இருக்கும். ‘டிக், டிக்’ என்று இடைவிடாமல் சத்தமிட்டுக் கொண்டு மர உச்சியில் திரியும். புல்லுருவிப் பழத்தை விழுங்கிச் சில நிமிஷங்களுக்குள் விதையைக் கழித்துவிடும். விதையைச் சுற்றிப் பசை போன்ற பொருள் இருப்பதால், பறவை தன் பின்புறத்தைக் கிளையில் உராய்த்துத்தான் அதனை விலக்க முடியும். அப்படி ஒட்டிய விதை அங்கேயே முளைத்துக் கிளைக்குள் வேரைச் செலுத்தி விடுகிறது. அலகு நீண்டு வளைந்திருந்தால் தேன்சிட்டு, குட்டையாயிருந்தால் பூங்கொத்தி என்று அறிந்துகொள்ளலாம்.

அப்படியானால் பூங்கொத்தியை ஒழிக்கலாமோ என்று கேட்பார் உண்டு. அதுவும் வீண் வேலை. ஒரு மரத்தில் பழுத்த புல்லுருவி இருக்கும் வரையில், இன்றிருக்கும் பறவை போனால் நாளை அடுத்த தோப்பிலிருந்து வேறொன்று வரும். பழம் இல்லாமற் செய்வதே வழி. புல்லுருவியைக் கையால் பிடுங்கினாலும், அடியோடு வெட்டினாலும், கிளைக்குள்ளிருக்கும் வேர் மறுபடி தழைக்கும். ஆகையால் அது பற்றியுள்ள இடத்துக்குச் சுமார் ஓர் அடி கீழே, மரத்தை நோக்கியுள்ள பக்கத்தில், கிளையையே அறுத்து நீக்க வேண்டும். பருத்த அடிமரத்தில் பற்றியிருந்தால் உளியால் வேரோடு செதுக்கி எடுத்து, வெட்டுவாயில் போர்டோ பசையைத் தடவுதல் வேண்டும். இதைப் பழம் கனியுமுன் செய்தால்தான் பயனுண்டு. மாவிலைக்கு நடுவே அதன் தடித்த இலையைக் கண்டுபிடிப்பது கடினமாதலால், செம்மஞ்சள் நிறமாய்ப் பூத்திருக்கும் சமயமே அடையாளம் காண ஏற்றது. உண்மையில், எந்த மரத்தில் தேன்சிட்டுகள் ஓயாமல் வந்து மொய்க்கின்றனவோ அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே புல்லுருவி பூத்திருக்கும். கவண்கல்லுக்கு இலக்கான பறவை தோப்புக்காரனுக்கு ஒரு காவற்காரனாயும் உதவுகிறது.

இங்கே கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. தொழிற்சாலைகள் பெருகியபின், மனைப் பிரிவுக்கென விலைக்கு வாங்கிப் போட்டுவிட்டு உடையவர் எட்டிப் பாராத தோப்புகள் உண்டு. சாலை ஓரத்திலும் புறம்போக்கிலும் உள்ள மரங்களையும் கவனிப்பாரில்லை. ஒருவர் தம் தோப்பைச் சுத்தம் செய்து வைத்தாலும் இவற்றிலிருந்து விதை வந்துகொண்டேயிருக்கும். பஞ்சாயத்தார் ஒன்றுகூடி, பூக்கும் பருவத்தில் ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் இவ்வேலையைச் செய்வித்தால் தனித்தனியே ஐந்து வருஷம் பாடுபடுவதைக் காட்டிலும் பலன் தரும் என்பது நம் அபிப்பிராயம்.

தேன்சிட்டு தேனை மாத்திரம் உண்டு வாழ்வதாக எண்ணுவது இரண்டாவது தவறு. வளர்ந்த பறவைக்குத் தேன் பலம் தரும். குஞ்சின் உடம்பு வளரத் தேன் போதாது. சிலந்திகளையும், சிறு புழுக்களையும், ஈக்களையும் பிடித்துக் கொண்டுவந்துதான் தாய் அதனை வளர்க்கிறது. கூடு கட்டுவதற்கும் சிலந்தி நூலே ஆதாரம். காய்ந்த புல், பட்டைத் துணுக்கு முதலியவற்றை அந்நூலால் பிணைத்து, பக்கத்தில் வாயிலும் அதன்மேல் சிறு தாழ்வாரமும் உள்ள பை போன்ற கூட்டைப் பெண் பறவையே கட்டித் தொங்கவிடுகிறது. பொங்கலுக்கும் யுகாதிக்கும் வீட்டை ஒட்டடையடித்துச் சுத்தம் செய்யும் இல்லத்தரசிகள், மாட்டுக் கொட்டகையின் பின்புறத்திலும் வேலிச் செடிகளிலும் உள்ள வலைகளை மாத்திரமாவது விட்டுவைத்தல் வேண்டும்.

இதிலிருந்து மருந்து தெளிக்கும் விஷயம் தானே வருகிறது. தோப்பில் பூத்தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கும் தை, மாசி, பங்குனி மாதங்களில் தேன்சிட்டும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கக்கூடும். நஞ்சு பட்ட பூச்சியைத் தின்ற பறவை என்னவாகும் என்பதற்கு அர்ஜென்டினா தேசத்தில் நேர்ந்ததே போதிய சாட்சி. 1995-96-இல் அங்கே வெட்டுக்கிளிக்காக மோனோகுரோட்டோபாஸ் தெளித்த வயல்களில், வெட்டுக்கிளி தின்ன வந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. வட அமெரிக்காவில் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்கு அங்கே வந்தவை அவை. நம் நாட்டில் அம்மருந்தைக் காய்கறிப் பயிர்களுக்கு உபயோகிப்பது 2005-இல் தடை செய்யப்பட்டது. இமிடாகுளோபிரிட் போன்றவை செடியின் சாற்றோடு ஏறி மலரின் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கும் தன்மையுள்ளவை. தேனீக்களுக்கு மிகவும் கொடியவை. ஆகையால் பூங்கொத்து தலைகாட்டும்போதே பூச்சியின் அளவைப் பார்த்து, அவசியமானால் மாத்திரம் தெளிக்க வேண்டும். மா முழுவதும் மலர்ந்திருக்கும் நாட்களில் தெளித்தலாகாது. மாவின் காய்ப்பே அந்நாட்களில் வந்து போகும் ஈக்களையும் தேனீக்களையும் நம்பியிருக்கிறது. ரோஜாச் சாகுபடி செய்வோர் தெளிப்பானில் மிஞ்சிய மருந்தை வீட்டுச் செம்பருத்தியின்மேல் அடித்துத் தீர்க்கும் வழக்கத்தையும் விட வேண்டும்.

என்ன செடி வைப்பது? செலவில்லாதவற்றைச் சொல்கிறோம். செம்பருத்தி, வெட்சி, மாதுளை ஆகியவற்றைக் கிணற்றடியில் வைக்கலாம். வாழைப்பூவுக்கும் முருங்கைப்பூவுக்கும் இவை தவறாமல் வரும். வேலியில் கல்யாண முருங்கைப் போத்து நட்டால், ஆட்டுக்குத் தழையும் பறவைக்குத் தேனும் கிடைக்கும். வெற்று நிலம் உள்ளவர் புரசு ஒன்றிரண்டு விட்டுவைக்கலாம். அது இலையுதிர்த்துப் பூத்திருக்கும்போது பறவைக் கூட்டத்தைப் பார்க்கவேண்டும். மலையோரக் கிராமத்தார் வலம்புரியையும் காட்டாத்தியையும் விறகுக்கு வெட்டாதிருந்தால் போதும். அமெரிக்காவில் ரீங்காரச் சிட்டு விரும்பும் ஹமேலியா என்னும் செம்மலர்ச் செடி இப்போது நம் நாற்றங்கால்களிலும் விற்கிறது. அதை நம் தேன்சிட்டும் விரும்பி ஏற்றுக்கொண்டது. உயிர்வேலியைப் பிடுங்கிச் சுற்றுச்சுவர் எழுப்புகிறவர்கள், சுவருக்கு உட்புறமாய் ஒரு வரிசைச் செடியாவது வைப்பது நன்று.

குடுவையைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்வோம். மலர் உள்ள வீட்டுக்கு அது வேண்டியதில்லை. வைத்தே தீருவேன் என்பவர் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்து வார்க்கலாம். வெல்லம், தேன், சாயம் எதுவும் கூடாது. தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். கோடையில் இரண்டு நாளுக்கொருமுறை கொட்டிவிட்டு வெந்நீரில் கழுவ வேண்டும். பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்போர் இதை அறவே தவிர்க்க. சர்க்கரை நீரைவிடத் தண்ணீர் தேவை. மாலையில் வாழையிலைமேல் நீர் தெளித்தால் ஈரத்தில் புரண்டு குளிக்க அவை தேடி வரும்.

வாகனக் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு, எதிரி வந்ததாய் எண்ணி நாள் முழுவதும் கொத்திச் சோர்ந்துபோகும் தேன்சிட்டுகள் உண்டு. நிறுத்திய வண்டியின் கண்ணாடிக்கு ஒரு துணியைக் கட்டிவிடுக. திண்ணையிலுள்ள மின்கம்பியில் கூடு கண்டால் வெள்ளையடிப்பதைச் சற்றே தள்ளி வைக்கலாம். நாம் குடியிருந்த வீட்டில் ஒருமுறை அப்படிச் செய்தோம். இரண்டு முட்டை, முட்டையிட்டது முதல் குஞ்சு பறந்து போவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. வெள்ளையடிக்க வந்தவர் அதுவரையில் பின்கட்டை முடித்துவிட்டு வந்தார்.