கரிசல் மண் கற்றுத் தந்த பாடம்



சிவில் பிரிவு நண்பர்கள் எல்லோரும் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள்: கரிசல் மண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், கட்டடத்துக்கு ஆகாது. நானும் மனப்பாடம் செய்து எழுதியவன்தான். லீவுக்குப் போனபோது ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "வெடிக்காத மண்ணுல என்னத்தடா வெதைக்க?" என்று சிரித்தார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

நான் பண்பொழிக்காரன். மேக்கரை அணைத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அம்மா பிறந்ததோ இதே தென்காசி மாவட்டத்தின் கிழக்கே, குருவிகுளம் பக்கம். குற்றாலச் சாரல் அங்கே எட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரிக் காடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் வருஷ ஃபீஸ், அந்தக் காட்டு உளுந்தை விற்ற காசு.

மண்ணின் சூட்சுமம்

கோடையில் விழுந்த வெடிப்பு வழியாக மழைத் தண்ணீர் ஆழத்துக்கு இறங்குகிறது. பிறகு மண் வீங்கி வெடிப்பு மூடிக்கொள்கிறது. களிமண் துகள்கள் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. மார்கழியோடு மழை நின்றாலும், அந்த ஈரத்தைக் குடித்தே தையில் சோளக்கதிர் முற்றுகிறது. நாம் குற்றமாகப் படித்த குணமே அங்கே சோறு போடுகிறது!

நனைந்த கரிசலில் ஏர் ஓடாது. ஆகவே கோடை மழையிலேயே உழுது, ஆட்டுக்கிடை போட்டு, புரட்டாசியில் காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவார்கள். சிறு தூறலுக்கு முளைத்துக் கருகாதபடி விதை கொஞ்சம் ஆழமாக விழ வேண்டும். சோளத்தோடு தட்டைப்பயறும் துவரையும் கலந்து போடுவார்கள். ஒன்று போனால் ஒன்று கைகொடுக்கும். சோள விதையைக் கடினப்படுத்த வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு வழி சொல்கிறது: லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, 6 மணி நேரம் விதையை ஊறவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும்.

கடல் தாண்டி ஒரு சொந்தம்

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஹோப்பி என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 10 அங்குல மழைதான். அவர்களும் கம்பால் ஆழக் குழி பறித்து, ஈரம் இருக்கும் இடத்தில் மக்காச்சோளத்தை ஊன்றுகிறார்கள். விதை கடையில் வாங்கியதல்ல. பாட்டி காத்துப் பேத்திக்குக் கொடுத்தது.

நாம் எங்கே தவறினோம்?

ரேஷன் அரிசி வந்ததும் கம்மங்கூழும் சோளச்சோறும் ஏழைச் சாப்பாடு என்று பெயர் வாங்கின. உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கைக்கு அரிசி ஓய்வு தந்தது. ஆச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்து, கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் வந்தது. மாமாவும் போட்டார். 2018-இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றது, கடன்தான் மிச்சம். அது ஒட்டுரக விதை. எடுத்து வைத்து மறுவருஷம் விதைத்தால் அதே விளைச்சல் வராது; வருஷா வருஷம் கடைக்குத்தான் போக வேண்டும். ஹோப்பி மக்களுக்கும் மக்காச்சோளம்தான், நமக்கும் மக்காச்சோளம்தான். விதை யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் குதிரைவாலி பாக்கெட்டில் விற்கிறது. விளைவித்தவர் வீட்டிலோ ரேஷன் அரிசிதான் வேகிறது. சாப்பிட ஆள் இல்லாத தானியத்தை யார் விதைப்பார்கள்?

நம்மால் முடிந்தது

மெக்கானிக்கல் நண்பர்களே, குதிரைவாலிக்கு உமி நீக்கும் சின்ன மெஷின் ஒன்றை உங்கள் பிராஜெக்டாக எடுக்கலாமே! உலக்கைக்குத் திரும்பு என்று யாரையும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. விடுதி மெஸ்ஸில் வாரம் ஒருநாள் கம்மங்கூழ் கேட்கலாம்.

ஆச்சியின் கலயத்தில் இரண்டு படி இருங்குச் சோளம் விதைக்கென்று இருக்கிறது. வரும் புரட்டாசிக்கு அரை ஏக்கர் தருவதாக மாமா சம்மதித்துவிட்டார். மழை பெய்தால் தையில் உங்களுக்கும் ஒரு கை சோளச்சோறு உண்டு.

பரீட்சையில் கரிசல் மண்ணைப் பற்றிக் கேட்டால் பழைய விடையைத்தான் எழுதுவேன், மார்க் வேண்டுமே! ஆனால் பாதி விடைதான் அது என்று இப்போது எனக்குத் தெரியும்.