உயிர் காத்த உப்புநீர்

சென்ற கோடையில் என் தம்பி வயிற்றுப்போக்கால் சோர்ந்து கிடந்தான். பொட்டலத்திலிருந்த தூளை நீரில் கரைத்து அன்னை புகட்டினார், அவன் தேறினான். அம்மருந்தின் வரலாறு நம் கொல்கத்தாவோடு தொடர்புடையது.

1971இல் போருக்கு அஞ்சிய மக்கள் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து மேற்கு வங்காளத்தில் அடைக்கலம் புகுந்தனர். முகாம்களில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் போதவில்லை. கொல்கத்தாவில் இயங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மைய மருத்துவர் திலீப் மகாலனோபிஸ், உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். உறவினர்களே அதைப் புகட்டினர். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு 4க்கும் கீழே குறைந்தது. பின்னர் உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெப்பும் இம்முறையைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றன.

சிந்திக்க: உறவினர்களே மருந்து புகட்டியதால் விளைந்த நன்மை யாது?