பந்தல்குடியில் அடித்த பத்திரிகை அருப்புக்கோட்டையில் மாறாதிருக்க

பந்தல்குடியில் டைப் செய்த காதுகுத்துப் பத்திரிகை அருப்புக்கோட்டை பிரஸ்ஸில் திறக்கும்போது இரண்டு விதமாகக் கெடும். எழுத்தே வேறாகிப்போவது ஒன்று. எழுத்து சரியாக இருந்தும் வரிகள் இடம் மாறுவது இன்னொன்று. தாய்மாமன் பெயர் ஒரு வரி கீழே இறங்கினால் என்ன நடக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இரண்டு கோளாறுக்கும் மருந்து வேறு வேறு.

பழைய எழுத்துருவில் வேர்டு கோப்பு

பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருக்கிறார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் அதுதான் திரையில் தெரியும். இரு பக்கமும் ஒரே எழுத்துரு இருந்தால் மட்டும் இந்த வழி சரி.

யுனிகோடில் வேர்டு கோப்பு

இங்கே ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே குறியீடு. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் யுனிகோடை ஏற்று ஆணையிட்டது. எழுத்துரு இல்லாவிட்டாலும் விண்டோஸ் தன்னிடமுள்ள லதாவையோ நிர்மலாவையோ போட்டுக் காட்டும், படிக்க முடியும். ஆனால் எழுத்தின் அகலம் மாறுவதால் வரி உடையும், பக்கம் கூடும். வேர்டில் சேமிப்பு அமைப்புக்குள் சென்று, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் இது பெருமளவு குறையும். அடுத்தவர் திருத்த வேண்டிய கோப்புக்கு இதுவே ஏற்றது.

பிடிஎஃப்

1993இல் அடோபி வெளியிட்டது. 2008இல் ஐஎஸ்ஓ தரமானது. எழுத்துருவையும் பக்க அமைப்பையும் கூடவே சுமந்து செல்வதால் எங்கே திறந்தாலும் அதே தோற்றம். குறை, திருத்துவது கடினம். அதிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் பல நேரம் இடம் மாறும். மனு, தன்விவரம், அப்படியே அச்சாக வேண்டிய நோட்டீஸ் ஆகியவற்றுக்கு இதை மிஞ்ச வேறில்லை.

படம்

பார்ப்பதற்கு எளிது, அச்சுக்கு ஆகாது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கி எழுத்து மங்கும். வேறு வழியில்லையென்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். உறவினர்களுக்கு அழைப்பு அனுப்ப மட்டும் போதுமானது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

திருத்தம் இல்லையென்றால் பிடிஎஃப். திருத்தம் உண்டென்றால் யுனிகோடு வேர்டு. பிரஸ்ஸுக்கு இரண்டும்: பிடிஎஃப் தோற்றத்துக்கு, வேர்டு எழுத்துக்கு. பேஜ்மேக்கர் மென்பொருள் வைத்திருக்கும் பிரஸ்ஸில் யுனிகோடைப் பழைய குறியீட்டுக்கு மாற்றித்தான் வேலை செய்வார்கள். அப்போது பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் போட்ட பட்டங்கள் புரியாத தமிழாகிவிடக்கூடும். ஆகவே ப்ரூஃபை வாங்கி, பெயர்களையும் பட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே அச்சடிக்கச் சொல்லுங்கள்.